மயூரன் சுகுமாரன் வழக்கு: பத்து வருடம் ஒரு சிறை, அப்புறம் ஒரு தீவு

2005 ஏப்ரல் 17. மயூரன் சுகுமாரனுக்கு அன்று 24வது பிறந்தநாள். பாலியில் கூட்டா கடற்கரைப் பக்கம் மெலஸ்தி என்ற ஓட்டலில் வேறு மூன்று பேரோடு இருந்தபோது இந்தோனேசியப் போலீஸ் உள்ளே புகுந்து பிடித்தது. அறையில் 350 கிராம் ஹெராயின் கிடைத்தது. அதே நாள் நுரா ராய் விமான நிலையத்தில் சிட்னி விமானத்துக்காக வந்த நான்கு பேரைச் சோதித்தார்கள். தொடையிலும் முதுகிலும் இடுப்பிலும் பிளாஸ்டர் போட்டு ஹெராயின் பொட்டலங்களைக் கட்டியிருந்தார்கள். ஐந்தாவது ஆள் ஆண்ட்ரூ சான், 21 வயது, ஏற்கெனவே விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார், அவர் மேல் ஒரு கிராம்கூட இல்லை. மொத்தம் ஒன்பது பேர், எல்லாரும் ஆஸ்திரேலியர்கள். மொத்தச் சரக்கு 8.3 கிலோ. "பாலி நைன்" என்று பத்திரிகைகள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மயூரன் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர், சின்ன வயதிலேயே குடும்பம் சிட்னிக்குப் போய்விட்டது. பெயரைப் பார்த்துவிட்டுத்தான் 2015இல் நம்மில் பலர் இந்தச் செய்தியைப் படித்தோம், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் படித்துக்கொண்டே போனால் பெயரை விட்டுவிட்டு வேறொரு விஷயம் உறுத்த ஆரம்பிக்கும். ஒரே வழக்கு, ஒரே சரக்கு, ஒரே நாள் கைது. ஒருத்தர் 13 வருடத்தில் வெளியே வந்தார், இன்னொருத்தர் தண்டனைக் காலத்திலேயே புற்றுநோயில் இறந்தார், ஐந்து பேர் 19 வருடம் கழித்து வீடு திரும்பினார்கள், இரண்டு பேரைச் சுட்டுவிட்டார்கள். யார் எந்த வரிசையில் விழுந்தார் என்பதை அவர் செய்த குற்றம் மட்டும் தீர்மானித்ததா என்று கேட்டால், பாதி வரைக்கும்தான் ஆமாம் என்று சொல்ல முடியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மயூரன் நிரபராதி இல்லை. ஏமாந்து பெட்டி தூக்கிய அப்பாவியும் இல்லை. நம் ஊரில் "குருவி" என்கிறோமே, சரக்கு சுமந்து பறக்கிற ஆள், அந்தக் குருவிகளை வேலைக்கு வைத்த இடத்தில் இருந்தவர் அவர். சானும் அவரும்தான் ஏற்பாட்டாளர்கள் என்பது அரசுத் தரப்பு வாதம், நீதிமன்றமும் அதை ஏற்றது. குருவிகளாகப் போனவர்கள் சின்னப் பசங்க. பிரிஸ்பேனிலிருந்து வந்த இருவருக்கும் 19 வயது, ஓட்டலில் பிடிபட்ட ஒரு பையனுக்கு 18. சிலர் சானோடு சிட்னி கிரிக்கெட் மைதானத்தின் உணவகப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். தங்களையும் குடும்பத்தையும் கொன்றுவிடுவதாக மிரட்டியதால்தான் சுமந்தோம் என்று அவர்களில் சிலர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். டென்பசார் நீதிமன்றத்தில் மயூரன் முதலில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, பல விஷயம் ஞாபகமில்லை என்றார். வருத்தம் காட்டவில்லை என்பதும் அவருக்கு எதிராகப் போனது. 2006 பிப்ரவரி 14 அன்று அவருக்கும் சானுக்கும் மரண தண்டனை. மற்ற ஏழு பேருக்கும் ஆயுள்.

இனி, இவர்களைப் பற்றி இந்தோனேசியப் போலீஸுக்கு எப்படித் தெரிந்தது என்ற கதை. இந்த வழக்கில் ஆஸ்திரேலியர்கள் இன்று வரைக்கும் சண்டை போடுகிற இடம் இதுதான்.

சொன்னது ஆஸ்திரேலியாவின் சொந்த மத்தியப் போலீஸ். கைதுக்கு ஒன்பது நாள் முன்னாடி, ஏப்ரல் 8 அன்று, சந்தேக நபர்களின் விவரத்தோடு பாலி போலீஸுக்கு அவர்கள் கடிதம் அனுப்பினார்கள். தேவையான நடவடிக்கையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். தங்கள் நாட்டில் மரண தண்டனையை ஒழித்த போலீஸ், அது உள்ள நாட்டிடம் தங்கள் குடிமக்களைப் பிடித்துக் கொடுத்தது. இதில் இன்னொரு கொடுமை. பிரிஸ்பேன் பையன்களில் ஒருவனின் அப்பா, மகன் ஏதோ தப்புக் காரியத்துக்குப் போகிறான் என்று பயந்து, தெரிந்த வக்கீல் மூலமாகப் போலீஸுக்குத் தகவல் கொடுத்திருந்தார். விமான நிலையத்தில் மடக்கி நாலு வார்த்தை மிரட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினார். மடக்கவில்லை, பையன் பறந்துவிட்டான். போலீஸ் ஏற்கெனவே இந்தக் கூட்டத்தை விசாரித்துக்கொண்டுதான் இருந்தது. பெற்ற மனசு கொடுத்த தகவல் அந்த ஓட்டத்தில் எதையும் தடுக்கவில்லை.

குடும்பங்கள் வழக்குப் போட்டன. 2006 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றத்தின் நீதிபதி பால் ஃபின், போலீஸ் சட்டத்தை மீறவில்லை என்று தீர்ப்பளித்தார். அதேநேரம், மரண தண்டனை உள்ள நாடுகளோடு தகவல் பகிரும் முறையை அரசாங்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். 2009இல் விதிமுறைகள் திருத்தப்பட்டன. இரண்டு பேரையும் சுட்டுக் கொன்ற பிறகு, 2015 மே மாதத்தில் போலீஸ் தலைமை பத்திரிகையாளர்களைச் சந்தித்து, மன்னிப்புக் கேட்க முடியாது என்றது. கைது செய்ய அப்போது கையில் போதிய ஆதாரம் இல்லை, வலையின் மேல்மட்டத்தைப் பிடிக்க இந்தோனேசியாவின் உதவி வேண்டியிருந்தது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். எனக்கு அது பாதிதான் இறங்குகிறது. சிட்னியில் வந்து இறங்கவிட்டுப் பிடித்திருந்தால் ஒன்பது பேரும் சரக்கோடு கையும் களவுமாக மாட்டியிருப்பார்கள், வருடக்கணக்கில் உள்ளே கிடந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, மேல்முறையீடு. நம் ஊரில் மேல்முறையீடு என்றால் தண்டனை குறையலாம், குறையாவிட்டால் அப்படியே நிற்கும் என்ற எண்ணத்தில் போவோம். இந்தோனேசியாவில் அது சூதாட்டம் மாதிரி. இந்த ஒன்பது பேரில் இருந்த ஒரே பெண்ணுக்கு உயர் நீதிமன்றம் ஆயுளை 20 வருடமாகக் குறைத்தது. போதும் என்று அவர் அதோடு நிறுத்திக்கொண்டார், உச்ச நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ஓட்டலில் மயூரனோடு பிடிபட்ட மூன்று பேருக்கும் அதேபோல 20 ஆகத்தான் குறைந்திருந்தது. அவர்கள் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2006 செப்டம்பரில் மூன்று பேருக்கும் மரண தண்டனை! தகப்பன் தகவல் கொடுத்தாரே, அந்தப் பையனுக்கும் ஆயுள் போய் மரண தண்டனை வந்தது. அரசுத் தரப்பேகூட அவனுக்கு அவ்வளவு கேட்டிருக்கவில்லை. மூவருக்கும் 2008இல் மறுபடி ஆயுளாகக் குறைந்தது, அந்தப் பையன் 2011 மே வரை கழுத்தில் கத்தியோடு இருந்தான். போதும் என்று நிறுத்திய அந்தப் பெண் தண்டனைக் குறைப்புகள் எல்லாம் சேர்ந்து 2018 நவம்பரில் வெளியே வந்தார். உடம்பில் சரக்கு கட்டிப் பிடிபட்ட நால்வரில் அவரும் ஒருவர். இதில் என்ன கணக்கு இருக்கிறது என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

மயூரனுக்கும் சானுக்கும் எந்த மட்டத்திலும் குறையவில்லை. 2007இல் இந்த வழக்கின் கைதிகள் சிலர் போதைப்பொருள் சட்டத்தில் மரண தண்டனை இருப்பதே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மனு தோற்றது. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு பரிந்துரை இருந்தது: மரண தண்டனைக் கைதிக்குப் பத்து வருடம் அவகாசம் கொடுத்துப் பார்க்கலாம், அதற்குள் நன்னடத்தை காட்டினால் ஆயுளாகவோ 20 வருடமாகவோ மாற்றலாம் என்று. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது சிறை. பாலிக்குச் சுற்றுலா போனவர்கள் தெரியாமலே அந்த வழியாகப் போயிருப்பார்கள். கெரோபொகான் சிறை, செமின்யாக்கின் உல்லாச விடுதிகளிலிருந்து கிட்டத்தட்டக் கூப்பிடு தூரம். முந்நூற்றுச் சொச்சம் பேருக்காகக் கட்டியது, ஆயிரத்துக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே காசுதான் எல்லாம். வெளியிலிருந்து ஆள் வந்து பார்த்து, பணமும் சாப்பாடும் மருந்தும் கொடுத்தால் ஒரு வாழ்க்கை, யாரும் வராதவனுக்கு வேறொரு வாழ்க்கை. மொழி தெரியாத வெளிநாட்டுக் கைதிக்கு இது இரண்டு மடங்கு. உள்ளேயே போதைப்பொருள் புழங்கியது, தகராறும் புழங்கியது. 2012 பிப்ரவரியில் கைதிகள் கலவரம் பண்ணித் தீ வைத்து, காவலர்களைத் துரத்திவிட்டுச் சிறையையே கையில் எடுத்துக்கொண்டார்கள். ராணுவமும் போலீஸும் சேர்ந்துதான் அடக்க முடிந்தது.

தூதரகம் என்ன செய்யும் என்று பலர் கேட்பார்கள். 1963ஆம் வருட வியன்னா உடன்படிக்கையின் 36வது பிரிவுப்படி, கைதானவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் தகவல் சொல்ல வேண்டும், அதிகாரி வந்து பார்க்கலாம், வக்கீல் ஏற்பாட்டுக்கு உதவலாம். ஜாமீன் வாங்கித் தரவோ தீர்ப்பை மாற்றவோ தூதரகத்தால் முடியாது. நம் ஆட்களில் பலர் எம்பசி வந்தால் கதவு திறந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கெரோபொகானில்தான் இந்த வழக்கு திசை மாறுகிறது. மயூரன் சிறை நிர்வாகத்திடம் பேசி அனுமதி வாங்கி கம்ப்யூட்டர், ஆங்கிலம், கிராஃபிக் டிசைன், சட்டையில் படம் அச்சடிப்பது என்று ஒவ்வொன்றாக வகுப்புகள் ஆரம்பித்தார். அப்புறம் ஓவியம். சான் சமையல் வகுப்பும் பைபிள் வகுப்பும் நடத்தினார், பின்னாளில் போதகராகவும் ஆனார். 2012இலிருந்து ஆஸ்திரேலியாவின் பெரிய ஓவியர்களில் ஒருவரான பென் குவில்ட்டி வந்துவந்து மயூரனுக்குச் சொல்லிக்கொடுத்தார். மயூரன் வரைந்ததில் முக்கால்வாசி முகங்கள். தன் முகத்தையே திரும்பத் திரும்ப, கெட்டியாக அப்பிய வண்ணத்தில். 2015 தொடக்கத்தில் கர்ட்டின் பல்கலைக்கழகம் நுண்கலையில் அசோசியேட் பட்டம் கொடுத்தது.

வெளியில் இருந்து பார்க்கிறவன் இதையெல்லாம் நாடகம் என்று சொல்லலாம், சாவு நெருங்கினால் எல்லாரும் நல்லவர்கள்தான் என்றும் சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் 2010இல் மறுசீராய்வு மனு விசாரணையில் அந்தச் சிறையின் தலைமை அதிகாரியே நீதிமன்றத்துக்கு வந்து, இந்த இரண்டு பேரையும் கொல்லக் கூடாது, சிறைக்கே இவர்கள் உதவியாக இருக்கிறார்கள் என்ற பொருளில் சாட்சி சொன்னார். ஒரு ஜெயில் அதிகாரி தன் வேலையை வைத்துக்கொண்டு கைதிக்காக அப்படிப் பேசுவது எத்தனை இடத்தில் நடக்கும்? மயூரனும் சானும் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். 2011இல் மனு தள்ளுபடி ஆனது.

மிச்சம் இருந்தது ஜனாதிபதியின் கருணை. சுசிலோ பம்பாங் யுதோயோனோ காலத்தில் நவம்பர் 2008க்குப் பிறகு நாலு வருடத்துக்கு மேல் யாரையும் சுடவில்லை. 2012இல் கஞ்சா வழக்கில் அதே கெரோபொகானில் இருந்த ஆஸ்திரேலியப் பெண் ஷாபெல் கோர்பிக்கு அவர் ஐந்து வருடம் குறைத்தும் கொடுத்தார், உள்நாட்டில் அதற்கு நல்ல வசவும் வாங்கினார். 2014 அக்டோபரில் ஜோகோ விடோடோ வந்தார். டிசம்பரிலேயே சொல்லிவிட்டார்: போதைப்பொருள் வழக்கில் மரண தண்டனை பெற்ற 64 பேரில் யாருக்கும் கருணை கிடையாது. நாட்டில் தினமும் 40, 50 பேர் போதையால் சாகிறார்கள் என்ற கணக்கை மேடைக்கு மேடை சொன்னார். அந்தக் கணக்கு எடுத்த விதமே தப்பு என்று இந்தோனேசிய ஆய்வாளர்கள் எழுதினார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே டிசம்பரில் மயூரனின் மனு தள்ளுபடி, அடுத்த மாதம் சானின் மனு. தனித்தனியாக ஒவ்வொருவர் கோப்பையும் பார்க்காமல் மொத்தமாக நிராகரிப்பது முறையில்லை என்று வக்கீல்கள் ஜகார்த்தா நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனார்கள். கருணை ஜனாதிபதியின் தனி உரிமை, அதில் தலையிட எங்களுக்கு அதிகாரமில்லை என்று நீதிமன்றம் கையை விரித்தது.

கிட்டத்தட்ட அதே நாட்களில் நம் பக்கத்தில் இன்னொன்று நடந்தது. 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் ஹெராயின் கடத்தல் வழக்கில் ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. ராமேஸ்வரத்தில் தண்டவாளத்தைப் பெயர்க்கிற அளவுக்குக் கொந்தளிப்பு. மூன்றே வாரத்தில், நவம்பர் 19 அன்று, மகிந்த ராஜபக்ச பொது மன்னிப்புக் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த ஜனவரியில் அவருக்குத் தேர்தல், தில்லியின் தயவும் தேவைப்பட்டது. மன்னிப்பு கிடைத்தது நல்லதுதான், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அங்கே மீனவர்களைக் காப்பாற்றியதும் அரசியல்தான், இங்கே மயூரனைக் கைவிட்டதும் அரசியல்தான்.

ஆஸ்திரேலியாவும் சொதப்பியது. பிரதமர் டோனி அபோட், 2004 சுனாமிக்கு நாங்கள் நூறு கோடி டாலர் உதவி செய்ததை மறக்க வேண்டாம் என்ற மாதிரிப் பேசினார். பிச்சை போட்டதைச் சொல்லிக்காட்டுகிறாயா என்று இந்தோனேசிய மக்களுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. தெருவில் நின்று சில்லறைக் காசு வசூல் செய்து, இந்தா உன் பணம் என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார்கள். அதற்கு முந்தைய வருடங்களில் யுதோயோனோவின் ஃபோனையே ஆஸ்திரேலிய உளவுத்துறை ஒட்டுக்கேட்ட விவகாரம் வேறு வெளியாகியிருந்தது. ஜகார்த்தாவில் எந்த அரசியல்வாதி இவர்களுக்காக வாயைத் திறப்பான்?

இதில் இந்தோனேசியாவின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். வெளிநாடுகளில் மரண தண்டனைக்குக் காத்திருக்கும் தன் வீட்டுப் பணிப்பெண்களுக்காக அந்த அரசாங்கம் மன்றாடிக்கொண்டே இருக்கிறது. 2014இல் சவுதியில் ஒரு பெண்ணைக் காப்பாற்ற 70 லட்சம் ரியால் இழப்பீட்டுப் பணம் கட்டினார்கள். 2015 ஏப்ரலில் ஒரே வாரத்தில் இரண்டு இந்தோனேசியப் பெண்களுக்குச் சவுதி தண்டனையை நிறைவேற்றியபோது ஜகார்த்தா கண்டனம் தெரிவித்தது. அதற்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நுசகம்பங்கானில் துப்பாக்கி வெடித்தது.

நுசகம்பங்கான், மத்திய ஜாவாவில் சிலசாப் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் சிறைத் தீவு. 2015 மார்ச் 4 அதிகாலையில் மயூரனையும் சானையும் கவச வண்டியிலும் விமானத்திலுமாக அங்கே கொண்டுபோனார்கள், போர் விமானம் துணைக்கு. விமானத்துக்குள் சானின் தோளில் கை வைத்துச் சிரித்தபடி ஒரு போலீஸ் அதிகாரி நிற்கும் படம் வெளியானது. அந்தப் படத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஏப்ரல் 25 அன்று 72 மணி நேர அறிவிப்பு கொடுத்தார்கள். கடைசி ஆசை என்ன என்றதற்கு, முடிந்த வரை வரைந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார் மயூரன். சான் 27ஆம் தேதி தன் காதலியைச் சிறைக்குள் திருமணம் செய்துகொண்டார். குடும்பங்கள் கடைசி விடைபெற்று வரும்போது, தேதி பொறித்த சிலுவைகள் ஏற்கெனவே தயாராகிவிட்டிருந்தன.

ஏப்ரல் 29, நள்ளிரவு கடந்து கொஞ்ச நேரத்தில், எட்டுப் பேரை ஒரே சமயத்தில் சுட்டார்கள். சானும் மயூரனும் போக நான்கு நைஜீரியர்கள், ஒரு இந்தோனேசியர், பிரேசில்காரர் ரொட்ரிகோ குலார்த்தே. குலார்த்தேவுக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். தன்னைக் கொல்லத்தான் கூட்டிப்போகிறார்கள் என்பதே கடைசி வரைக்கும் அவருக்குப் புரியவில்லை என்று உடனிருந்த பாதிரியார் பிறகு சொன்னார். எட்டுப் பேரும் கண்ணைக் கட்ட மறுத்துவிட்டு, பாடிக்கொண்டே நின்றார்கள். ஆஸ்திரேலியா தன் தூதரைத் திரும்ப அழைத்தது. சில வாரத்தில் அவர் திரும்பிப் போனார்.

கைதான நாளிலிருந்து எண்ணினால் பத்து வருடம் பன்னிரண்டு நாள். அரசியல் சாசன நீதிமன்றம் 2007இல் பரிந்துரைத்த அந்தப் பத்து வருட அவகாசம் பிறகு சட்டமே ஆனது: 2022 டிசம்பரில் நிறைவேறிய புதிய தண்டனைச் சட்டம், மரண தண்டனைக் கைதிக்குப் பத்து வருட நன்னடத்தைக் காலம் கொடுக்கிறது. இது 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வருவதாக எழுதினார்கள். 2016 ஜூலையில் நான்கு பேரைச் சுட்டதோடு இந்தோனேசியாவில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 2024 டிசம்பர் 15 அன்று, விடோடோவுக்கு அடுத்து வந்த ஜனாதிபதி பிரபோவோவின் அரசாங்கத்தோடு பேசி முடித்த ஏற்பாட்டில், பாலி நைனில் மிச்சமிருந்த ஐந்து பேர் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தில் போய் இறங்கினார்கள். மன்னிப்பு இல்லை, குற்றம் அப்படியே இருக்கிறது, இந்தோனேசியாவுக்குள் மறுபடி கால் வைக்க முடியாது. சிறைக் காலத்தில் நோயில் இறந்தவர் 2018இலேயே போய்விட்டிருந்தார்.

மயூரன் தீவில் வரைந்த கடைசிப் படங்களைக் குடும்பமும் வக்கீலும் வெளியே கொண்டுவந்தார்கள். ஒன்று இந்தோனேசியக் கொடி, சிவப்பு கீழே வெள்ளையில் ரத்தமாக ஒழுகுகிறது. இன்னொன்று ஒரு இதயம், அதில் அந்த இரவுக்காகக் காத்திருந்த ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒன்பதாவது ஆள் மேரி ஜேன் வெலோசோ, பிலிப்பைன்ஸ்காரி, தன்னை ஏமாற்றிப் பெட்டி கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவந்தவர். அவருக்கு வேலை வாங்கித் தருவதாக அழைத்துப்போன பெண் பிலிப்பைன்ஸில் போலீஸிடம் சரணடைந்ததால் கடைசி நேரத்தில் அவரை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். 2024 டிசம்பர் 18 அன்று அவரும் ஊர் போய்ச் சேர்ந்தார்.